தேக்குப் பலகை ஒட்டுவதற்கு முன் கான்கிரீட் தரையின் ஈரத்தை எப்படிப் பார்ப்பது? (அருமனை பக்கம்)

விளைவீட்டுக்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அருமனைக்கும் பனச்சமூட்டுக்கும் நடுவில், கேரள எல்லையை ஒட்டியே இருக்கிறது. நான் மஸ்கட்டில் வேலை, இப்போது லீவில் வந்திருக்கிறேன். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே விளையில் புது வீடு கட்டி முடியும் நிலையில் இருக்கிறது. தை மாதத்தில் பால் காய்ப்பு வைக்க அம்மா நாள் பார்த்துவிட்டார்.

பழைய வீட்டில் தட்டு (மர மச்சு) அடித்திருந்த தேக்குப் பலகைகளை விற்க மனம் வரவில்லை. தாத்தா காலத்துத் தேக்கு. மில்லில் கொடுத்து அறுத்து இழைத்து, நாலு அங்குல அகலம், முக்கால் அங்குல கனம், ஒன்றின் நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் நுழையும்படி டங் அண்ட் குரூவ் எடுத்து வைத்திருக்கிறோம். மாடியில் ஒரு படுக்கையறை (10க்கு 12 அடி), கீழே ஹாலை ஒட்டி அப்பா உட்கார்ந்து படிக்கும் அறை, இரண்டிலும் தரைக்கு இதைப் போடுவதாக எண்ணம். பசை வைத்து நேராகக் கான்கிரீட்டில் ஒட்டுவதாகத்தான் பேச்சு.

மாடி அறையின் ஸ்லாப் 5 அங்குலம். போன ஜனவரியில் வார்த்தது. மேல் கூரை வார்ப்பு முடிந்தாலும் ஜன்னல் போட்டது அக்டோபரில்தான், அதனால் ஆனி ஆடி மழைச்சாரல் முழுக்க உள்ளே அடித்தது. கீழ் அறையில் மண் நிரப்பி, ஜல்லி போட்டு, 4 அங்குலக் கான்கிரீட். செப்டம்பரில் போட்டார்கள். அடியில் பிளாஸ்டிக் ஷீட் எதுவும் விரிக்கவில்லை என்று கொத்தனார் சொல்கிறார்.

தரை ஒட்ட வந்த ஆள் ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் காலையில் எடுத்துக் காட்டினார். துளி ஈரம் இல்லை. “தரை காய்ந்துவிட்டது, நாளைக்கே ஆரம்பிக்கலாம்” என்றார். எங்கள் ஆசாரி அதைப் பார்த்துவிட்டு, “பங்குனி ஆகட்டும். இப்போ ஒட்டினா ஆடியில நான்தான் பேச்சு கேக்கணும்” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

யார் சொல்வது சரி? வீட்டில் நாமே செய்து பார்க்கக்கூடிய நம்பகமான சோதனை ஏதாவது உண்டா? ஈரம் பார்க்கும் மீட்டர் என்று ஆன்லைனில் நிறைய இருக்கின்றன, வாங்கினால் பயன்படுமா?

---

சித்தூர் மருமகன்:

உங்கள் ஆசாரி பக்கம் என் ஓட்டு. மாமனார் வீடு பாலக்காட்டுப் பக்கம் சித்தூர். அங்கே கீழ்த்தளத்தில் லேமினேட் பலகை போட்டார்கள். இதே ஷீட் சோதனைதான். நல்ல மேட (சித்திரை) வெயிலில், பகல் நேரத்தில் பார்த்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள். மிதுனம் கர்க்கடகம் (ஆனி, ஆடி) மழை வந்ததும் பலகை சேரும் இடமெல்லாம் உப்பி, நடந்தால் காலில் தட்டியது. போட்டுக் கொடுத்தவரைக் கேட்டால் “நீங்கள் தண்ணீர் விட்டுத் துடைத்திருப்பீர்கள்” என்கிறார். என் மாமியார் அந்த அறையில் ஈரத்துணியே வைத்ததில்லை. மண்ணிலிருந்து ஏறியதா, கான்கிரீட்டிலேயே இருந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள், நானும் கேட்டுக்கொள்கிறேன்.

---

மட்டப்பலகை:

நான் மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் வரை மரத்தரை, வினைல் தரை வேலைகளுக்கு சூப்பர்வைசராகப் போகிறவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் அந்த ஷீட் சோதனை. அது ஈரம் காட்டினால் நம்பலாம். காட்டாவிட்டால் அதிலிருந்து எதுவும் சொல்ல முடியாது. ஷீட்டின் உள்பக்கத்தில் துளி கட்ட வேண்டுமானால் ஷீட் அடியில் இருக்கும் காற்றைவிட அது குளிர்ந்திருக்க வேண்டும். நம் ஊரில் மூடிய அறையில் ராத்திரி தரையும் காற்றும் ஏறத்தாழ ஒரே சூடு. அப்புறம் எங்கே துளி கட்டும்? சித்தூர்க்காரர் சொன்ன மேட மாதப் பகலில் கேட்கவே வேண்டாம். உள்ளே ஈரம் நிறைந்து கிடந்தாலும் ஷீட் காய்ந்தே வரும். அதோடு, அது பார்ப்பது மேல்தோலை மட்டும்.

கான்கிரீட்டின் உள்ளே நடப்பது வேறு. ஒரு மூட்டை, அதாவது 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் தண்ணீர் ஊற்றினார்கள் என்று வையுங்கள். சிமெண்ட் தன்னோடு வேதியியலாகக் கட்டிக்கொள்வது தன் எடையில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, 12 லிட்டர் அளவு. மீதியில் பெரும்பகுதி மெல்ல மெல்ல வெளியே வர வேண்டிய தண்ணீர். சைட்டில் கலவை இளக்கமாக வர வேண்டும் என்று கூட இரண்டு வாளி ஊற்றியிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியதும் சேரும். கியூரிங்கைக் குறை சொல்லவில்லை, அது வேண்டும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டுக்கு 10 நாள் என்கிறது. ஆனால் காயும் கணக்கு அந்தத் தண்ணீரை நிறுத்திய பிறகுதான் ஆரம்பிக்கிறது.

காய்வது மேலிருந்து. மேல் அரை அங்குலம் வெளுத்து, தொட்டால் காய்ந்ததாகத் தெரியும். அடியில் வார்த்த காலத்து ஈரம் அப்படியே இருக்கும். திறந்து கிடக்கும் வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. பசையையும் பலகையையும் வைத்து மூடினீர்களானால், மேலே போக வழி அடைபட்டு, அடியில் இருந்த ஈரம் மேலும் கீழும் ஒரே அளவாகப் பரவிவிடும். அதற்குச் சில வாரம், சில மாதம் ஆகும். அதனால்தான் ஒட்டிய அன்று அழகாக இருந்த தரை மூன்றாம் மாதம் ஓரம் தூக்குகிறது. மழைக்காலத்தில் தூக்கினால் மழை மேல் பழி, வீட்டுக்காரர் துடைத்த துணி மேல் பழி.

சரி, மூடிய பிறகு வரப்போகும் அந்தச் சம அளவை இன்றைக்கே எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்வீடனில் லண்ட் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து, ஸ்லாபின் எந்த ஆழத்தில் அளந்தால் அந்த எண் கிடைக்கும் என்று பார்த்திருக்கிறார்கள். ஒரு பக்கம் மட்டும் காயும் தரைக்கு மேலிருந்து கனத்தில் 40 சதவீத ஆழம், இரண்டு பக்கமும் காயும் மாடி ஸ்லாபுக்கு 20 சதவீத ஆழம். ஏ.எஸ்.டி.எம். எஃப் 2170 என்ற அமெரிக்க முறையிலும் இதே ஆழம்தான். துளை போட்டு, உள்ளே குழாய் செருகி, மூடி, 24 மணி நேரம் விட்டு, அந்தத் துளைக்குள் இருக்கும் காற்றின் ஈரப்பதத்தை அளப்பது. முன்பு 72 மணி நேரம் விடச் சொன்னார்கள், 2018இல் 24 ஆக்கிவிட்டார்கள்.

உங்கள் கீழ் அறை 4 அங்குலம், அடியில் மண், ஒரு பக்கம்தான் காயும். ஆக ஒன்றரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. மாடி 5 அங்குலம், அடிப்பக்கம் பூசி பெயிண்ட் அடிக்காமல் இருந்தால் ஒரு அங்குலம் போதும். அடியில் புட்டியும் பெயிண்டும் ஏறிவிட்டது என்றால் அந்தப் பக்கம் காய்வது குறைவு, நானாக இருந்தால் 2 அங்குலத்திலும் ஒன்று போட்டுப் பார்ப்பேன்.

இதற்கென்றே சென்சார் வரும் கருவி விலை கூடுதல். இரண்டு அறைக்கு வாங்கச் சொல்ல மாட்டேன். கம்பியின் நுனியில் சென்சார் இருக்கும் சாதாரண டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பதம் காட்டும் மீட்டர்) போதும். ஆனால் வாங்கியதும் அதை நம்பிவிட வேண்டாம், நம் அடுக்களை உப்பை வைத்துச் சோதியுங்கள். ஒரு சிறு மூடியில் உப்பு போட்டு, சேறு மாதிரி ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, காற்றுப் புகாத டப்பாவுக்குள் சென்சாரோடு வைத்து மூடி ஒரு நாள் விடுங்கள். உப்பு முழுக்கக் கரைந்துவிடக் கூடாது. அந்த டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும், இது எந்த ஊரிலும் மாறாத எண். உங்கள் மீட்டர் 79 காட்டினால் 4 கூட்டிக் காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

துளை போடும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாடி ஸ்லாபுக்குள் பைப் எந்த வழியாக ஓடுகிறது என்று கேளுங்கள். வார்ப்புக்கு முன் எடுத்த போட்டோ இருந்தால் இன்னும் நல்லது. ஒரு அங்குலத்தில் கரண்ட் பைப் சிக்க வாய்ப்பு குறைவு, சிக்கினால் தலைவலி. தண்ணீர் விடாமல் டிரில் பண்ண வேண்டும், தூசியை முழுக்க ஊதி எடுக்க வேண்டும். எலக்ட்ரிகல் வேலைக்கு வரும் பி.வி.சி. பைப்பில் ஒரு துண்டு வெட்டித் துளையின் அடிவரை செருகி, ஓரத்தை எம்-சீல் போட்டு அடையுங்கள். துளையின் அடி மட்டும் திறந்திருக்க வேண்டும், பக்கவாட்டில் காற்று புகக் கூடாது. மேல்வாயையும் மூடிவிட்டு மறுநாள் சென்சாரை இறக்கி, வாயைச் சுற்றி மறுபடி அடைத்து, எண் நகராமல் நிற்கும் வரை விடுங்கள். அறைக்கு மூன்று துளை. அதில் ஒன்று பாத்ரூம் சுவரை ஒட்டி இருக்கட்டும், காரணம் பிறகு சொல்கிறேன். அளப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே ஜன்னலைச் சாத்தி, அறை குடியிருக்கும்போது எப்படி இருக்குமோ அப்படி வையுங்கள்.

நீங்கள் கேட்ட இரண்டு முள் குத்தும் மீட்டர் மரத்துக்கு நல்லது, அவசியம் வாங்குங்கள். கான்கிரீட்டில் வைத்தால் அது காட்டும் எண்ணுக்குப் பொருள் கிடையாது. மரத்தின் மின்தடைக்குக் கணக்கிட்டுச் செய்தது அது. கான்கிரீட்டில் இருக்கும் உப்பே அதை ஏமாற்றும்.

எத்தனை வந்தால் ஒட்டலாம்? பசை தயாரிப்பாளரின் தாளில் எழுதியிருப்பதுதான் கணக்கு. மரத்துக்குப் பெரும்பாலும் 75 என்பார்கள், சில பசைகளுக்கு 80, 85 வரை அனுமதி உண்டு. தாளைக் காட்டாமல் “எல்லாம் ஒட்டும் சார்” என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஆனால் நம் பக்கத்துக்கு ஒரு சிக்கல் உண்டு, புத்தகத்தில் அது வராது. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று காயும் கணக்கு சொல்வார்கள். அது காற்று வறண்ட இடத்துக்கு. இங்கே இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) இரண்டும் பெய்யும். மழை நாளில் வெளிக்காற்றே 80, 85 சதவீதம். கான்கிரீட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடக் கீழே காயாது. ஜன்னலைத் திறந்து போட்டு ஆறு மாதம் காத்திருந்தாலும், கார்த்திகை மழையில் 75 கிடைக்காது. தை பாதிக்கு மேல் மாசி, பங்குனி வரைதான் தரை காய நமக்கு வாய்க்கும் காலம். ஆசாரி பங்குனி என்று சொன்னது வெறும் சாக்கு இல்லை.

கீழ் அறை தனிக்கதை. அடியில் ஷீட் இல்லை என்றால் அது காயும் தரை இல்லை. மண்ணில் இருக்கும் ஈரம் ஆவியாக ஏறிக்கொண்டே இருக்கும், பத்து வருடம் ஆனாலும். கான்கிரீட்டுக்கு நேர் அடியில் 250 மைக்ரான் பாலித்தீன், கடையில் 1000 கேஜ் என்று கேட்பது, விரித்து, ஓரங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டியிருந்தால் கதையே வேறு. மொத்த வீட்டுக் கணக்கில் அது தூசு. இனி வீடு கட்டப் போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் அதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். சித்தூர்க்காரரே, உங்கள் மாமனார் வீட்டிலும் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். மேடத்தில் காய்ந்திருந்த மண் கர்க்கடகத்தில் நனைந்திருக்கும். தரையோரம் ஒரு துளை போட்டு இப்போதும் பார்க்கலாம்.

அளந்துவிட்டு எண்ணை இங்கே போடுங்கள், பேசலாம்.

---

கல்குளத்தான்:

அளவு, மீட்டர், துளை என்று இவ்வளவு வேண்டுமா? தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையைப் போய்ப் பாருங்கள். மரத்தட்டு நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது. எந்த மூத்தாசாரி ஹைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார்?

---

மட்டப்பலகை:

அண்ணாச்சி, அங்கே மரத்தட்டின் அடியைப் பாருங்கள். உத்தரத்தின் மேல் நிற்கிறது, கீழே முழு அறை உயரத்துக்குக் காற்று. மரம் மேலும் கீழும் ஒரே காற்றை மூச்சு விடுகிறது, வளைய வேண்டிய அவசியம் இல்லை. தரையோடு தரையாக இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் மரம் போட்டார்களா? கண்ணாடி மாதிரித் தேய்த்த கறுப்புத் தரை. எதை எங்கே போட வேண்டும் என்று அந்த ஆசாரிமாருக்குத் தெரிந்திருந்தது. இந்தத் தம்பியின் தாத்தா வீட்டுத் தேக்கும் அப்படித் தட்டாக நின்றதுதான். இப்போது அதையே கான்கிரீட்டின் முதுகில் ஒட்டப் போகிறார், அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

---

ஆசாரி மகன்:

தரையைப் பற்றி மட்டப்பலகை அண்ணன் சொல்லிவிட்டார். மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், பாதிக் குழப்பம் அங்கேதான்.

பழைய தேக்கு என்றால் காய்ந்த மரம் என்று நினைக்கிறார்கள். காய்ந்ததுதான், ஆனால் மரம் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு ஏற்பக் குடிக்கும், விடும். காற்று 65 சதவீதம் என்றால் மரம் 12 சதவீத ஈரத்தில் போய் நிற்கும். 80 சதவீதம் என்றால் 16 வரை ஏறும். இடித்த பிறகு பலகையை எங்கே வைத்திருந்தீர்கள்? ரப்பர் ஷீட் காயப்போடும் கொட்டகையிலா, தார்ப்பாய்க்கு அடியிலா? மழைக்காலம் முழுக்கத் தார்ப்பாய்க்கு அடியில் என்றால் 18 காட்டினாலும் எனக்கு ஆச்சரியம் இல்லை.

இதனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும் வரை, தட்டையாக அறுத்த பலகை என்றால், அகலத்தில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கும். மரங்களிலேயே இது நல்ல மரம். ஆக ஈரம் ஒரு சதவீதம் மாறினால் அகலம் 0.19 சதவீதம் மாறும். 12இல் இருந்து 16க்கு ஏறினால், 10 அடி அகல அறையில் எல்லாப் பலகையும் சேர்த்து 23 மில்லிமீட்டர் விரியும். நீங்கள் சுவரோரம் விடும் இடைவெளி 10, 12 மில்லி. மீதி எங்கே போகும்? நடுவில் கூடாரம் அடிக்கும், இல்லையென்றால் பசையைப் பிய்க்கும். ஆரம் வழியாக, அதாவது நிற்கும் ரேகையாக அறுத்த பலகை என்றால் இதில் பாதிக்கும் குறைவு. உங்கள் பலகையின் தலைப்பக்கத்தைப் பாருங்கள், வருட வளையம் எப்படி ஓடுகிறது என்று தெரியும். நிற்கும் ரேகைப் பலகைகளைப் பொறுக்கி ஒரே அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முள் மீட்டரைத் தலைமுனையில் குத்தாதீர்கள், அங்கே எப்போதும் காய்ந்தே காட்டும். முனையிலிருந்து ஒரு அடியாவது உள்ளே, பத்துப் பதினைந்து பலகையில் பாருங்கள். பிறகு அந்த அறைக்குள்ளேயே ரீப்பர் வைத்து அடுக்கிக் காற்றோட வையுங்கள். போர்ட்டிகோவில் அடுக்கி வைத்துவிட்டு “பதப்படுத்தினோம்” என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஓரம் தூக்கி நடு குழிந்த தரையைப் பார்த்தவுடன் மெஷின் வைத்துத் தேய்த்துச் சமமாக்காதீர்கள். அடி ஈரம் குறைந்து பலகை மறுபடி நிமிரும்போது, தேய்த்த ஓரம் தாழ்ந்து நடு மேடாக நிற்கும். அப்பா இதை ஒரு வீட்டில் திருத்தப் போய், கடைசியில் மொத்தத்தையும் மாற்றினார்கள்.

---

விளைவீட்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். அம்மா அடுக்களை உப்பு டப்பாவைக் காணோம் என்று தேடியது தனிக்கதை.

உப்புச் சோதனையில் மீட்டர் 78 காட்டியது, அதாவது 3 கூட்டிக் காட்டுகிறது. அந்த 3ஐக் கழித்த பிறகு உள்ள எண்களைத் தருகிறேன். மாடி அறையில், ஒரு அங்குல ஆழத்தில், ஜன்னல் பக்கம் 77, நடுவில் 79, பாத்ரூம் சுவர் பக்கம் 88. அடியில் பூச்சு மட்டும் ஆகியிருக்கிறது, பெயிண்ட் இன்னும் இல்லை. கீழ் அறையில் மூன்றும் 93, 94 என்று நிற்கின்றன. அந்த அறையில் ஷீட் ஒட்டிப் பார்த்து “காய்ந்துவிட்டது” என்றவரிடம் காட்டினேன். “இந்த மீட்டரெல்லாம் சும்மா” என்றார். பிறகு போன் எடுக்கவில்லை.

பலகை, ஆசாரி மகன் சொன்னது போலத்தான். தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. 15 முதல் 18 வரை. ரேகை பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கு நிற்கும் ரேகை.

பாத்ரூம் பக்கம் ஏன் அவ்வளவு? இனி என்ன செய்ய? பால் காய்ப்புக்கு முன் எதுவும் முடியாதா?

---

மட்டப்பலகை:

பாத்ரூம் பக்கம் துளை போடச் சொன்னதே இதற்காகத்தான். மாடி பாத்ரூமுக்கு ஸ்லாபைத் தாழ்த்தி வார்த்து, பைப் போட்டு, மேலே செங்கல் துண்டும் மணலும் நிரப்புவார்கள் இல்லையா, அந்தச் சங்கன் குழிக்குள் வேலை நடக்கும்போது விட்ட தண்ணீர் தேங்கி நிற்கும். வாட்டர் புரூஃபிங் சரியாக இல்லாவிட்டால் குளிக்கும் தண்ணீரும் போய்ச் சேரும். அது மெதுவாகப் பக்கத்து அறை ஸ்லாபுக்குள் ஊறும். கீழே அந்த இடத்துச் சீலிங்கில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். டைல் ஒட்டியாகிவிட்டதா? இல்லையென்றால் அதிர்ஷ்டம், நிரப்பியதை எடுத்துக் காய வைத்து, குழியின் சுவர் உயரத்துக்கும் சேர்த்து மறுபடி வாட்டர் புரூஃப் பண்ணி, தண்ணீர் நிறுத்திப் பார்த்துவிட்டு மூடுங்கள். டைல் ஒட்டியிருந்தால், முதலில் ஒரு மாதம் அந்த பாத்ரூமைப் பயன்படுத்தாமல் விட்டு அதே துளையில் மறுபடி அளங்கள். எண் இறங்கினால் ஊறுவது புதுத் தண்ணீர், இறங்காவிட்டால் பழைய தேக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

மாடியின் மற்ற பாகம் நல்ல நிலையில்தான் இருக்கிறது. மழை விட்டதும் தானாக இறங்கும். அடிப்பக்கம் பெயிண்ட் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள், அந்தப் பக்கமும் காயட்டும். மட்டத்துக்கென்று மேலே சிமெண்ட் கலவை போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், அது புதுத் தண்ணீர். உயரமான இடத்தை கிரைண்டர் வைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. வைக்கும் எண்ணம் உண்டா? உண்டு என்றால் இப்போதே மாட்டி மாசியில் ஓட விடலாம். வீட்டில் ஏ.சி. போட மாட்டீர்கள் என்றால், வாடகை மெஷின் வைத்து அறையை வறளடித்து மரத்தை 9க்கு இறக்கி இறுக்கமாக ஒட்டுவதும் ஆபத்து. ஆடியில் அதே மரம் 15க்குப் போகும். 12, 13இல் ஒட்டுவது நம் ஊருக்குப் பொருத்தம். நிற்கும் ரேகைப் பலகைகளை மாடிக்கு வையுங்கள். பசை தண்ணீர் கலக்காத பாலியூரித்தேன் வகையாக இருக்கட்டும்.

கீழ் அறையில் 94க்குக் காத்திருந்து பயனில்லை. ஒன்று, மேல்தோலைக் கிரைண்ட் பண்ணி, ஈரத் தரைக்கென்றே வரும் இரண்டு பாக எபாக்ஸியை ஆவித்தடுப்பாகப் பூச வேண்டும். சாதாரண எபாக்ஸி பெயிண்ட் அல்ல. அதன் தாளில் எத்தனை சதவீத ஆர்.ஹெச். (ஈரப்பதம்) வரை என்று எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். தாளில் சொன்ன அளவுக்குக் குறையாமல் பூச வேண்டும், ஊசித்துளை விடக் கூடாது. பூசிய பிறகு ஆணி அடித்தால் அத்தனையும் வீண், பசை மட்டும்தான். செலவு பலகைக் கூலியைத் தாண்டிவிடும். இரண்டாவது வழி, கீழே டைல் போட்டுவிடுவது. என்னைக் கேட்டால் டைல். வெளிச்சுவரில் மண் மட்டம் தரை மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, கூரைத் தண்ணீர் அந்தச் சுவரோரம் விழுகிறதா என்றும் பார்த்துச் சரி பண்ணுங்கள், அப்பா இருக்கும் அறை, ஓதம் ஏறினால் அவருக்கும் நல்லதல்ல. கரையானுக்கும் ஈர மரம் என்றால் கேட்க வேண்டாம்.

பால் காய்ப்பு அடுக்களையில்தானே? மாடி அறைக்குப் பாய் விரித்தால் போதும்.

---

விளைவீட்டுக்காரன்:

பாத்ரூமில் டைல் ஒட்டவில்லை, சுவருக்கு மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. குழியில் நிரப்பியதை நாளை ஒரு ஓரமாகத் தோண்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கீழ் அறைக்கு டைல் என்று அப்பாவே முடிவு சொல்லிவிட்டார், அவருக்கு மரத்தரையில் கட்டையை ஊன்றி நடக்க வழுக்குமோ என்று முதலிலேயே பயம் இருந்ததாம். கீழ் அறைக்கு அறுத்து வைத்த பலகையில் அவருக்கு ஒரு புத்தக அலமாரி.

மாடித் துளைகளை அடைக்காமல் மூடி போட்டு வைத்திருக்கிறேன். லீவு முடிந்து நான் போய்விடுவேன், தம்பி மாசி கடைசியில் மறுபடி அளந்து எண்ணை அனுப்புவான். ஆசாரியிடம் பங்குனிக்கு வரச் சொல்லியாயிற்று. முன்பணம் இப்போதே வேண்டும் என்கிறார்.

---

ஆசாரி மகன்:

கொடுங்கள். பங்குனியில் ஆசாரி கிடைக்க மாட்டார்.